திரும்ப விரும்பாதவர்

“நான் மனசு வைச்சன் எண்டால், ஒரு தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள என்ர ஊரை அடியோட மறந்துபோடுவன்!”

இராசநாயகம் இப்படிச் சொன்னதும் அகதிகள் விடுதியின் பொதுச் சமையலறையில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது கூரையில் மாதக்கணக்காகக் கெட்டிப்பட்டிருந்த பனியை அப்படியே சரித்து வீதியில் கொட்டியது. பனி வழிக்கும் வண்டிக்காரர் நிலம் நடுங்குகிறதென்று நினைத்து வண்டியை விட்டுக் குதித்து ஓடினார். சரி, ஓடவில்லை, எட்டிப் பார்த்தார். ஆனால் எல்லோரும் சிரித்தது சத்தியம்.

ஏன் சிரிக்கமாட்டார்கள்? எருக்கந்தீவின் ஒரே வீதியில் ஓடிய ஒரே பஸ்ஸுக்கு ஆயுள் முழுக்கக் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஊரின் பெயரைச் சேர்க்காமல் அவரால் ஒரு தும்மல்கூடத் தும்ம முடியாது. அந்தக் குளிர்நாட்டின் சமுத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், “இதென்ன, எங்கட ஊரில இவ்வளவையும் ஒரு சோத்துக் கிடாரத்துக்குள்ள வைச்சிருப்பம்” என்றார். மலையைக் காட்டினால், எருக்கந்தீவில் மலையே இல்லாததன் பெருமையை அரைமணி நேரம் விளக்கினார்.

“மறக்கிறது கிடக்கட்டும், இராசண்ணை. உங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி எப்பிடி?” என்று வேண்டுமென்றே வாயைக் கிளறினான் அல்போன்ஸ். பக்கத்துத் தீவு மீனவன், அடுத்த அறைக்காரன்.

“அதையேன் கேக்கிறாய்! ஒரு வாளி அள்ளி ஊத்தினால் நரைமயிர் கறுக்கும். ரெண்டாம் வாளிக்குப் பல்லு முளைக்கும். மூண்டாம் வாளியை ஒருத்தரும் ஊத்துறேல்லை. பிறகு தொட்டில்ல போட்டுத்தான் ஆட்டவேணும்.”

“அப்ப உங்கட தலை ஏன் இப்பிடிப் பஞ்சு மாதிரி?”

“கொண்டக்டருக்கு எங்கையடா குளிக்க நேரம்!”

மறுபடியும் பனி சரிந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு பகிடி. பகிடியை யாரும் நம்பவும் வேண்டியதில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. மறுத்தவள் அவருடைய மகள் நளாயினி ஒருத்திதான். அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்.

“உங்களால ஏலாது அப்பா. உயிர் போனாலும் ஏலாது.”

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த நாட்டில் அவள் உயிரோடு இருப்பதா, திருப்பி அனுப்பப்படுவதா என்பது அப்பா ஊரை மறப்பாரா என்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எருக்கந்தீவை ஆண்டது ‘நிர்வாகம்’. அதற்கு வேறு பெயர் கிடையாது, தேவைப்பட்டதுமில்லை. நளாயினி அங்கே தண்ணீர்ப் பரிசோதனை செய்தவள். நிர்வாகத்தின் தொழிற்சாலையை ஒட்டிய கிணறுகளில் நஞ்சு கலக்கிறது என்று வாய்திறந்து சொல்லிவிட்டாள். அவளைத் தேடி வந்தவர்கள், அவள் அக்கரைக்குப் போயிருந்ததால், கணவன் குகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. வெறுங்கையோடு மறுபடியும் வந்தார்கள், இம்முறை அவளைக் கேட்டு. அன்றே அப்பாவும் மகளும் வள்ளம் ஏறினார்கள்.

அம்மா பூமணி ஏறவில்லை. “மருமோன் வந்து படலையைத் தட்டினால் ஆர் திறக்கிறது?” என்று ஒரே கேள்வி கேட்டார்.

*

அந்த நாட்டில் புகலிடம் கேட்டவர்களை ஒரு கருவி அளந்தது. அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. விடுதித் தமிழர்கள் அதை ‘மாமி’ என்று அழைத்தார்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே உங்கள் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை உங்களுக்கு எதிராகவே சொல்வதால் அந்தப் பெயர். பார்வைக்கு ஒரு வலைத்தொப்பியும் ஒரு திரையும். அவ்வளவுதான்.

முதல் அளவைக்குப் போனபோது விசாரணை அலுவலர் இங்கிரிட் எழுந்து நின்று வரவேற்றாள். மேசைமேல் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி இருந்தது. அவள் தன் மொழியில் பேச, பெட்டி கணீரென்று முழங்கியது.

“வணக்கம். தாங்கள் இருவரும் நலமாக உள்ளீர்களா?”

“உள்ளோம் ஐயா, உள்ளோம்,” என்றார் இராசநாயகம், பெட்டியை மரியாதையோடு பார்த்து. “தேவாரமும் பாடுவீரோ?”

“தேவாரம் பாடும் வசதி என்னிடம் இல்லை.”

“பரவாயில்லை. எங்கட ஊர்க் கோயில் ஓதுவாருக்கும் அந்த வசதி இல்லை.”

“அப்பா, பேசாம இருங்கோ,” என்று நளாயினி முழங்கையால் இடித்தாள்.

இங்கிரிட் விளக்கினாள். “அகதி என்பவர், துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தால் தம் நாட்டுக்குத் திரும்ப இயலாதவர் அல்லது திரும்ப விரும்பாதவர். இது பழைய வரையறை. விரும்பாதவர் என்ற சொல்லை முன்பு எவராலும் சோதிக்க இயலவில்லை. சொல்வதை நம்ப வேண்டியிருந்தது. இப்போது விருப்பத்தை அளக்கலாம். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் தாங்கள் அகதி. மேலே இருந்தால் தாங்கள் விருந்தினர்.”

“விருந்தினருக்கு என்ன செய்வியள்?”

“வழியனுப்பி வைப்போம்.”

இராசநாயகம் தொப்பியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன். ஊர் பிடிக்காதவன் ரிக்கற் எடுத்து, பெட்டி அடுக்கி, ஆறுதலாப் போவான். ஊரில உயிரை வைச்சிருக்கிறவனைத்தானே அடிச்சுக் கலைக்கவேண்டி வரும்? கலைபட்டு வந்தவனிட்டப் போய் ஊர் பிடிக்குமோ எண்டு கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?”

பெட்டி அதை மொழிபெயர்த்து முடிக்கச் சற்று நேரம் எடுத்தது. இங்கிரிட் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நான் தங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நான் அளப்பதில்லை. அது அளக்கிறது.”

நளாயினிக்கு முதலில் தொப்பி போட்டார்கள். திரையில் எருக்கந்தீவின் இறங்குதுறை தெரிந்தது. குகனைக் கொண்டுபோன வெள்ளைப் படகு நின்ற இடம். மூன்று என்று காட்டியது. அந்த மூன்றும் அம்மாவாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அப்பா. இறங்குதுறையைத்தான் காட்டினார்கள். அவர் முகம் கல்யாண வீட்டுப் பந்தல்போல மலர்ந்துவிட்டது. “பாருங்கோ, பாருங்கோ, அந்தக் கரையில ஒரு பூவரசு, அதுதான் முதல் பஸ் ஹோல்ட். அடுத்தது செல்லாச்சி கடையடி. அங்கை பஸ் நிக்கேல்லை எண்டால் மனுசி ரோட்டில படுத்துப்போடும்…”

“தாங்கள் புறப்பட்டபோது தங்கள் மனைவியிடம் இறுதியாகக் கூறிய சொற்கள் யாவை?”

“போட்டு வாறன் எண்டனான்.”

“சென்று, திரும்பி வருகிறேன்,” என்றது பெட்டி. திரையிலிருந்த கோடு கூரையைத் துளைப்பதுபோல எழும்பியது.

நளாயினி பதறிப்போனாள். “ஐயோ, அது அப்பிடியில்லை! அது எங்கட சொல்லு. நாங்கள் கடைக்குப் போனாலும் அதுதான், கக்கூசுக்குப் போனாலும் அதுதான். ஒருத்தரும் போறன் எண்டு சொல்றேல்லை.”

“ஏன்?”

“போறன் எண்டால்…” அவளுக்கு அந்தப் பெட்டியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “சாகப்போறவைதான் அப்பிடிச் சொல்லுவினம். உயிரோட இருக்கிறவை சொன்னால் வாயில அடி விழும்.”

“எனக்கு விளங்குகிறது,” என்றாள் இங்கிரிட். “ஆனால் கருவி சொல்லைக் கேட்பதில்லை. சொல்லும்போது உள்ளே நடப்பதைப் பார்க்கிறது. தங்கள் தந்தை அந்தச் சொல்லை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. சொன்னபடியே நினைத்திருக்கிறார்.”

தொண்ணூற்றொன்று.

“சரி, அவருக்கு விருப்பம். அவரை ஒருத்தரும் தேடேல்லை. என்னைத்தான் தேடினவங்கள். என்னை மட்டும் வைச்சிருங்கோ.”

“ஒரே குடும்பமாக விண்ணப்பித்தவர்களுக்கு ஒரே முடிவு. தந்தை திரும்பிப்போக ஏங்கும் ஊர் மகளுக்கு மட்டும் ஆபத்தானதாக இருக்க இயலாது என்பது சட்டத்தின் கருத்து.” பெட்டி இதை மிக அழகான உச்சரிப்போடு சொன்னது. “தங்களுக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு.”

*

அன்றிலிருந்து நளாயினி அப்பாவுக்கு ஊரை மறக்கப் பழக்கினாள். உலகத்தில் எந்த மகளும் எந்த அப்பாவுக்கும் இப்படியொரு பாடம் எடுத்திருக்கமாட்டாள்.

“ஊரைப் பற்றிக் கூடாததாச் சொல்லுங்கோ.”

“நுளம்பு,” என்று கொசுவிலிருந்து உற்சாகமாகத் தொடங்குவார். “மைனாவளவு நுளம்பு! ரெண்டு சேர்ந்தால் ஒரு கண்டுக்குட்டியைத் தூக்கும். உலகத்தில வேற எங்கையும் அந்தச் சைசில பாக்கேலாது.”

“அப்பா! இதிலயும் பெருமையா?”

“கூடாததுதானே கேட்டனீ.”

“வெயில்?”

“பொல்லாத வெயில். பஸ் கூரையில முட்டை ஊத்தினால் பூவரசடியில பொரியும், கோயிலடியில குஞ்சு பொரிச்சுக் கூவும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே பயமும் வந்தது. ஊரைத் திட்டத் திட்ட அவர் கண்ணில் ஊர் வளர்ந்துகொண்டே போனது. அவர் மிகைப்படுத்துவது பொய் சொல்வதற்காக அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளபடி சொன்னால் ஊர் சின்னதாகிவிடும். அவர் மனதில் இருந்த அளவுக்கு அதை வெளியே காட்ட, நுளம்பு மைனாவாகத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாம் அளவையில் எண்பத்துநான்கு.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அந்த பஸ்ஸில் கொண்டக்டர் இல்லை. கதவு தானே திறந்து தானே மூடியது. வழக்கமாக அதைப் பார்த்து இராசநாயகம் ஏதாவது சொல்வார். அன்று சொல்லவில்லை. விடுதி வாசலில் இறங்கியதும் நளாயினி உடைந்தாள்.

“ஒரு இருபதுக்குக் கீழ உங்களால கொண்டுவரேலாதோ? எனக்காக? நீங்கள் அங்கை போய் இறங்கேக்க உங்களுக்குப் பூவரசு தெரியும். எனக்கு அந்த வெள்ளைப் படகுதான் நிக்கும். உங்கட பூவரசுக்காக நான் சாகப் போறன் அப்பா.”

அவர் அந்தப் பனியில் தொப்பிகூடப் போடாமல் நின்றார். வாயைத் திறந்து மூடினார். எருக்கந்தீவைப் பற்றி எதுவும் வரவில்லை.

“நான் மறக்கிறன் பிள்ளை,” என்றார். பெருமையடிக்கும் குரல் அல்ல அது. அவள் அதை நம்பவில்லை. எந்தக் குரலில் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டாள்.

*

மூன்றாம் அளவைக்கான காலையில் எழுந்து பார்த்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. சமையலறையில் இல்லை. முற்றத்தில் இல்லை. கடைசியில் உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து அவர் வெளியே வந்தார். கையில் ஒன்றுமில்லை.

“இஞ்சை என்ன செய்யிறியள்?”

“சும்மா. சூடா இருக்குமெண்டு.”

அவள் அந்த வாரம் முழுவதும் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தாள். மனிதர்கள் செய்யும் பாவங்களில் இதுவும் ஒன்றா என்று யாரிடமும் கேட்க முடியாத பொய். ஊர் என்றால் அப்பாவுக்குக் கிணறுமில்லை, பூவரசுமில்லை. எல்லாத் தரிப்புகளையும் தாண்டி பஸ் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை இல்லாமல் செய்தால் மற்றதெல்லாம் தானாக அழியும். வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவரின் முன்னால் குந்தினாள். நாடாவைத் தான் கட்டிவிடுவதுபோலக் குனிந்துகொண்டாள், முகத்தைப் பார்க்காமலிருக்க.

“அப்பா… அம்மா மோசம் போயிட்டா. செத்துப்போயிட்டா.”

அவள் நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், கத்துவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார், சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

“அப்பிடியோ,” என்றார். “சரி. நீ அழாதை மோனை. எழும்பு, நேரம் போகுது.”

அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

திரையில் இறங்குதுறையைக் காட்டினார்கள். கோடு படுத்திருந்தது. கோயிலடி. படுத்திருந்தது. இங்கிரிட் பொத்தான்களைச் சரிபார்த்தாள்; தொப்பியை எடுத்துத் திருப்பிப் போட்டாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை, ஏதோ தவறு செய்துவிட்டவள்போல இருந்தாள். ஒரு வீடு தெரிந்தது. கிடுகு வேலி, தகரப் படலை, படலைக்கு மேலே கொடி ஏற்றிய மல்லிகை.

“இது யாருடைய இல்லம்?” என்றது பெட்டி.

இராசநாயகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். உண்மையாகவே யோசித்தார்.

“தெரியேல்லையே. வடிவான வீடு. ஆரோ நல்லா வைச்சிருக்கினம்.”

பூச்சியம்.

இங்கிரிட் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். “இனி தாங்கள் அகதி. வாழ்த்துகள்,” என்றது பெட்டி. பிறகு, அவள் தயங்கித் தயங்கிச் சொன்ன இன்னொன்றையும் சொன்னது: “ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளப்போம். விருப்பம் திரும்பி வந்தால் பாதுகாப்பு நீங்கும்.”

*

நகரத்தின் ஓரத்தில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. நளாயினிக்குத் தண்ணீர் ஆய்வுகூடத்திலேயே வேலை கிடைத்தது; அந்த நாட்டுத் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னாலும் யாரும் படகில் வரமாட்டார்கள். அவள் மூச்சு விட்டாள். சாப்பிட்டாள். ஒருநாள் நிம்மதியாகத் தூங்கியும்விட்டாள்.

அப்பா நன்றாகத்தான் இருந்தார். வேளைக்கு எழுந்தார், கடைக்குப் போய் வந்தார். அல்போன்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கொண்டுவந்தான். அவனுக்கு இன்னும் மூன்றாம் அளவை வரவில்லை. சோர்ந்த முகத்தோடு, ஆறுதலுக்காகப் பழைய வம்பை இழுத்தான்.

“இராசண்ணை, அந்தக் கிணத்துத் தண்ணிக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. கேட்டுக் கனகாலம்.”

நளாயினி கையிலிருந்த கத்தி நின்றது. சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். சொல்லமாட்டாரா என்று ஏங்கினாள்.

“கிணறு எண்டால் என்ன தம்பி,” என்றார் இராசநாயகம். “தண்ணி இருக்கும். அள்ளுவினம்.”

அல்போன்ஸ் இன்னும் ஏதோ வரப்போகிறதென்று சிரிப்பை ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

அவன் போன பிறகு நளாயினியால் தாங்க முடியவில்லை. தன் பொய்தான் அப்பாவை உள்ளே கொன்றுவிட்டது. சட்டம் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் பொய் சொல்லிப்போட்டன். அம்மா சாகேல்லை. இருக்கிறா. சுகமா இருக்கிறா.”

“தெரியும் பிள்ளை.”

“என்ன?”

“நீ அதைச் சொல்லேக்கையே தெரியும். அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் கதைச்சு முடிச்சனான். அல்போன்ஸின்ர போனை வாங்கி, உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ள இருந்து.”

“என்ன கதைச்சனீங்கள்?”

அவர் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்பவர்போல, ஒழுங்காக, ஒன்றையும் கூட்டாமல் சொன்னார்.

“ரெண்டு தரமும் தவறிப்போனதைச் சொன்னன். என்னால ஏலாதெண்டு நீ சொன்னதையும், வாசலில நிண்டு அழுததையும் சொன்னன். அவ எல்லாத்தையும் கேட்டா. பிறகு, ‘வெளிக்கிடேக்க என்னட்ட என்ன சொன்னனீங்கள்?’ எண்டா. ‘போட்டு வாறன் எண்டனான்’ எண்டன். ‘அதை விடுங்கோ. அது வேண்டாம். இப்ப மற்றச் சொல்லைச் சொல்லுங்கோ’ எண்டா.”

“அப்பா…”

“நான் மாட்டன் எண்டன். விசரோ உமக்கு எண்டு கத்தினன். அவ விடேல்லை. ‘எங்களுக்கு மிஞ்சினது அவள் ஒருத்திதான். சொல்லுங்கோ’ எண்டா. சொன்னன். போறன் எண்டு சொன்னன்.” அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “அவ ‘போட்டு வாங்கோ’ எண்டு சொல்லேல்லை. ‘ஓம், போங்கோ’ எண்டுதான் சொன்னவ.”

சன்னலுக்கு வெளியே, ஆளில்லாத பஸ் ஒன்று வந்து, யாரும் ஏறாததால் கதவைத் திறக்காமலே போனது.

“கொண்டக்டர் மணியை ரெண்டு தரம் அடிச்சால் பஸ் வெளிக்கிடும் பார். அடிச்சது நான்தான். நான் ஏறேல்லை. அது போட்டுது.”

“அப்பா, உங்களுக்கு அம்மாவை…” அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவை ஞாபகம் இருக்குத்தானே?”

“இருக்கு, இருக்கு. பேர் பூமணி. குரல் வடிவா இருந்தது.” சற்று யோசித்தார். “நல்ல மனுசி போல கிடக்கு.”

அவர் எழுந்து, மீன் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கப் போனார்.

*

அம்மா அடுத்த கிழமை நளாயினியின் தொலைபேசிக்கு எடுத்தார். அங்கே பின்னேரம்; செல்லாச்சி கடையின் இரைச்சல் பின்னால் கேட்டது. வேலையைப் பற்றி விசாரித்தார், குளிருக்கு என்ன உடுப்பு என்று விசாரித்தார். குகன் இன்னும் வரவில்லை என்பதை, அவன் இன்றோ நாளையோ வந்துவிடுவான் என்ற தொனியில் சொன்னார். பிறகு வழக்கமாகப் போனை அப்பாவிடம் கொடு என்று சொல்லும் இடம் வந்தது. சொல்லவில்லை.

“நான் கதைக்கமாட்டன் மோனை. என்ர குரலைக் கேட்டு ஏதும் கிளம்பினால் வருசம் முடிய அளக்கேக்க ஏறிப்போகும். அவர் பக்கத்தில இருக்கிறாரோ?”

“முன் அறையில இருக்கிறார். சன்னலால பாத்துக்கொண்டு.”

“என்னத்தைப் பாக்கிறார்?”

“வீதியை.”

அம்மா கொஞ்சம் சிரித்தார். “அவர் பெரிய புளுகர் பிள்ளை. கலியாணத்தண்டு என்னட்டச் சொன்னவர், பிறேக் அறுந்த பஸ்ஸை விசில் ஊதியே நிப்பாட்டினவராம். நான் நாப்பது வருசமா அதை நம்பினமாதிரியே நடிச்சனான். நடிச்சால்தானே அடுத்ததைச் சொல்லுவார்.” கடைக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். “இதையும் அவர் உன்னைச் சமாளிக்கச் சும்மா நடிக்கிறாரோ எண்டு எனக்கொரு எண்ணம். மெஷினையே ஏமாத்தியிருப்பார். செய்யக்கூடிய ஆள். என்ன?”

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று நளாயினிக்குத் தெரிந்தது. ஓம் அம்மா, நடிக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அதை வைத்துக்கொண்டு இன்னும் நாற்பது வருடம் படலைக்குள் இருப்பார். தான் ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள்தான். இன்னொன்று சொல்வது ஒன்றும் கடினமில்லை.

முன் அறையை எட்டிப் பார்த்தாள். அப்பா திரும்பி, “ஆர் பிள்ளை போனில?” என்று கேட்டார். ஆவல் இல்லாத, மரியாதையான கேள்வி.

“ஊரில இருந்து அப்பா.”

“ஓ,” என்றார். “சுகம் கேட்டதாச் சொல்லு.” மறுபடியும் வீதியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அம்மாவுக்கும் அது கேட்டிருந்தது.

“நளா,” என்றார் கடைசியில். “அவரால ஏலாதெண்டு நீதானே சொன்னனீ? உயிர் போனாலும் ஏலாதெண்டு?”

“நான்தான் அம்மா. ஒருநாளும் நம்பேல்லை.”

“இப்ப?”

நளாயினி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

“மறந்திட்டார் அம்மா. சொன்னமாதிரியே மறந்திட்டார்.”